கேள்வி – பதில்: பேசாத சாட்சி

கே: தச்சன் ஒருவன் மீது கொலைப்பழி விழும் பழைய மெக்சிகோ படம். பெயரும் தெரியவில்லை, பார்த்த பிரதியில் கதையும் புரியவில்லை.

ப: 'நோசோத்ரோஸ் லோஸ் போப்ரெஸ்', அதாவது 'ஏழைகளாகிய நாங்கள்'. 1948-இல் வந்தது, இயக்கம் இஸ்மாயில் ரொத்ரீகெஸ். தச்சன் பெப்பேயாக பெத்ரோ இன்ஃபான்தே. இளவயதில் நிஜமாகவே தச்சுவேலை பார்த்தவர் என்பதால் இழைப்புளி அவர் கையில் அந்நியமாகத் தெரியாது.

குழப்பத்துக்குக் காரணம் பெரும்பாலும் தானியங்கி வசனவரிகள்தான். எல்லாருக்கும் பட்டப்பெயர். 'எல் தோரோ' என்றால் காளை. அது நாயகன் பெப்பேயின் பட்டப்பெயர். அவன் காதலியை 'சோர்ரெயாதா' என்பார்கள். அழுக்குப் படிந்தவள் என்ற கிண்டல். மொழிபெயர்ப்பு இயந்திரம் இவற்றைப் பெயராக எடுத்துக்கொள்ளாமல் வாக்கியத்துக்குள் கரைத்துவிடும். இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு பாருங்கள். பாதிச் சிக்கல் தீரும்.

முக்கியமாக, பெப்பே வாங்கி வைத்த முன்பணம் திருடுபோகும் காட்சியைத் தவறவிடாதீர்கள். காதலியின் மாற்றாந்தந்தை திருடுகிறான். பார்த்தவள் பெப்பேயின் தாய் மட்டுமே. பக்கவாதம் வந்து, பேச்சும் இழந்தவள். பிறகு வட்டிக்குக் கொடுக்கும் கிழவி கொலையாகி, பழி பெப்பே தலையில் விழுகிறது. கொலையை விட அந்தத் தாயின் பார்வைதான் படத்தின் அச்சாணி. திருடன் அந்தக் கண்களைத் தாங்க முடியாமல்தான் வெறிபிடித்து அவளை அடிக்கிறான்.

கே: ஜூரி (பொதுமக்களிலிருந்து எடுத்த தீர்ப்புக் குழு) முன் அனல் பறக்கும் வாதத்தை எதிர்பார்த்தேன். ஏமாற்றம்!

ப: மெக்சிகோ நகரில் சாதாரணக் குற்ற வழக்குகளுக்கு ஜூரி முறை 1929-லேயே முடிந்துவிட்டது. படம் வந்த காலத்தில் வழக்கு என்பது காகிதக் கட்டாக இருந்தது. அதைப் படித்துத் தீர்ப்பெழுதியவர் நீதிபதி. அதனால் உச்சக்கட்டம் சிறைக்குள் நடக்கிறது. பெப்பே அசல் கொலையாளியோடு மோதி, அவன் கண்ணைப் பறித்து, "பெப்பே நிரபராதி" என்று காவலர் காதுபடக் கத்த வைக்கிறான். சட்டக் கண்ணோடு பார்த்தால் அடித்து வாங்கிய வாக்குமூலத்துக்கு என்ன மதிப்பு என்று தோன்றும். ரொத்ரீகெஸ் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. நீங்களும் பட வேண்டாம்.

கே: தொடர்ச்சி உண்டா?

ப: இரண்டு. 'உஸ்தேதேஸ் லோஸ் ரிக்கோஸ்' (1948), 'பெப்பே எல் தோரோ' (1953). தலைப்பில் நாயகன் பெயர் இருக்கிறதே என்று மூன்றாவதில் தொடங்கிவிடாதீர்கள். கண் இழந்தவன் பழிவாங்க வருவது இரண்டாவதில்.