சர்வர் தொட்டியில் 30 நாள் எங்கே போயிற்று?

கேள்வி: எங்கள் அச்சகத்து டிசைன் ஃபைல்கள் எல்லாம் லினக்ஸ் சர்வரில், சம்பா (ஃபைல்களை மற்ற கம்ப்யூட்டர்களோடு பகிரும் மென்பொருள்) வழியாகப் பொதுவில் இருக்கின்றன. அழித்தது போய் விழ ஒரு ரிசைக்கிள் ஃபோல்டர், அதாவது குப்பைத் தொட்டி, உண்டு. டிஸ்க் நிறைந்ததால், அதில் 30 நாள் ஆனதைத் தினமும் இரவில் நீக்கும்படி சர்வீஸுக்கு வரும் தம்பி கிரானில் (குறித்த நேரத்தில் கட்டளையைத் தானே ஓட்டும் வசதி) எழுதிவைத்தார். போன வாரம் ஒருவர் கைதவறி அழித்த 2022 காலண்டர் டிசைன், மறுநாள் காலையிலேயே தொட்டியில் இல்லை. எப்படி? (அச்சக உரிமையாளர், சிவகாசி)

பதில்: முதலில் சிடிபி (அச்சு பிளேட் தயாரிக்கும்) கம்ப்யூட்டரில் தேடுங்கள் அண்ணாச்சி. பிளேட் எடுக்க அனுப்பிய பிடிஎஃப் அங்கே கிடக்க வாய்ப்புண்டு.

தம்பியின் கட்டளை 30 நாளை எண்ணத்தான் செய்தது. எந்த நாளிலிருந்து என்பதில்தான் வம்பு. சம்பா ஃபைலைத் தொட்டிக்கு நகர்த்துமே தவிர, அதன் தேதியைத் தொடாது. 2022இல் கடைசியாக சேவ் செய்த டிசைன், நேற்று அழித்தாலும் 2022 தேதியோடுதான் உள்ளே கிடக்கும். தம்பி எழுதிய ஃபைண்ட் (ஃபைல் தேடும்) கட்டளையின் 'எம்டைம்' பார்ப்பது கடைசியாக சேவ் செய்த அந்தத் தேதியை. அன்றிரவே கதை முடிந்தது.

சம்பா அமைப்பில் 'ரிசைக்கிள்: டச்_எம்டைம்' என்பதற்கு 'எஸ்' (yes) கொடுக்கச் சொல்லுங்கள். அழித்த நாளே ஃபைலின் தேதியாகிவிடும். வெறும் 'ரிசைக்கிள்: டச்' போட்டு 'ஏடைம்' (ஃபைலைக் கடைசியாகப் படித்த தேதி) பார்ப்பவர்களும் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கையில்லை. பேக்கப் எடுக்கும்போது ஃபைலைப் படித்தாலே அந்தத் தேதி புதிதாகிவிடலாம், அப்புறம் குப்பை வயதாகாமலே கிடக்கும். இப்போது தொட்டியில் இருப்பவற்றுக்கு இந்த மாற்றம் பொருந்தாது. அவற்றுக்கு ஒருமுறை கையால் லினக்ஸின் 'டச்' கட்டளை கொடுத்து, தேதியை இன்றைக்கு மாற்றியபின் கிரானை ஓடவிடுங்கள்.

காலண்டர் தொழிலுக்கு 30 நாள் கணக்கே எனக்குச் சரியாகப் படவில்லை. ஆடிப்பெருக்குக்குப் புதுக் காலண்டர் மாதிரி ஆல்பம் போடுகிற ஊர். பழைய டிசைனை அடுத்த சீசனில்தானே தேடுவீர்கள்? 180 நாள் வையுங்கள். டெம்ப் (தற்காலிக) ஃபைல்களை சம்பா அமைப்பின் 'எக்ஸ்குளூட்' வரியில் சேர்த்தால் அவை தொட்டிக்கே வராது, இடமும் மிச்சம்.

ஃபைண்ட் வரியில் 'டெலிட்' கடைசியில்தான் வரவேண்டும். நாள் கணக்குக்கு முன்னால் எழுதிவிட்டால் தொட்டி மொத்தமும் காலி. சில இரவுகள் அதற்குப் பதில் 'பிரின்ட்' போட்டு, எதெல்லாம் போகும் என்ற பட்டியலைத் தம்பியோடு உட்கார்ந்து படியுங்கள்.

இடம் போதவில்லை என்று தொட்டியை மட்டும் வேறு டிஸ்க்குக்கு மாற்றிவிடாதீர்கள். டிஸ்க் விட்டு டிஸ்க் நகர்த்த முடியாதபோது சம்பா ஃபைலை நேரடியாகவே அழித்துவிடும்.