‘உன் இஷ்டம்’ என்கிறார் கணவர்

கேள்வி: ஓஎம்ஆரில் ஒரு ஐடி கம்பெனியில் 9 வருடமாக வேலை பார்க்கிறேன். மகளுக்கு 7 மாதம். லீவு முடிந்து ஆபீஸ் போய் ஒரு மாதம் ஆகிறது. நான் லீடாக இருந்த டீமை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டு, என்னை சப்போர்ட் வேலைக்கு மாற்றிவிட்டார்கள். அமெரிக்க க்ளையன்ட் கால் இரவு 7.30க்கு. பாப்பா தூக்கத்துக்கு அழுவதும் அப்போதுதான். உதவிக்கு வந்திருக்கும் அத்தை அடுத்த மாதம் ஊருக்குக் கிளம்புகிறார். க்ரெச், கேப் என்று என் சம்பளத்தில் பாதி போய்விடும். கணவரும் ஐடிதான். கேட்டால், “உன் இஷ்டம்” என்கிறார். பேப்பர் போட்டு வேலையை விட்டுவிடலாமா?
- பெயர் வேண்டாம், சோழிங்கநல்லூர்

பதில்: அந்த ‘உன் இஷ்டம்’தான் எனக்கு இடிக்கிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வேலையை விட்டால் நாளைக்கு “நீதானே விட்டாய்”. விடாமல் இருந்து பாப்பாவுக்குச் சளி பிடித்தால் “நீதானே போகிறேன் என்றாய்”. எப்படிப் போனாலும் பழி உங்கள் தலையில்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை அவரை உட்கார வைத்துக் கணக்குப் போடுங்கள். க்ரெச் செலவை உங்கள் சம்பளத்தில் மட்டும் ஏன் கழிக்கிறீர்கள்? இரண்டு சம்பளத்தையும் கூட்டி, அதில் கழியுங்கள். விட்டால் பிஎஃப்பும் நிற்கும், அடுத்தடுத்த இன்கிரிமென்ட்டும் போகும். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அப்புறம் அந்த 7.30. அமெரிக்கக் கிழக்குக் கரையில் அப்போது காலை 9 மணி. மார்ச்சில் அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுவார்கள். உங்கள் கால் தானாகவே 6.30க்கு வந்துவிடும். அதுவரை வாரத்தில் இரண்டு நாள் டீமில் வேறு யாராவது எடுக்கட்டும். மற்ற மூன்று நாள் தூங்க வைப்பது அப்பா வேலை. முதல் வாரம் பாப்பா வீட்டை இரண்டாக்குவாள். மியூட் போட்டுவிட்டு ஓடாதீர்கள், அவர் பழகட்டும்.

ஆபீஸில் வாய்ப்பேச்சு போதாது, மெயில் போடுங்கள். 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் க்ரெச் வசதி இருக்க வேண்டும், தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்ப் பார்க்கலாம் என்று 2017இல் மகப்பேறு சட்டத்தில் திருத்தம் கொண்டுவந்தார்கள். வேலையின் தன்மை இடம் கொடுத்தால், லீவுக்குப் பிறகு வீட்டிலிருந்து வேலை பார்ப்பதைப் பேசி முடிவு செய்துகொள்ளவும் அதில் வழி உண்டு. குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை பாலூட்ட தினம் இரண்டு இடைவேளை என்பது அதற்கும் பழைய விதி. எச்ஆர் தானாக வந்து இதையெல்லாம் சொல்வது அபூர்வம்.

டீமைப் பறித்த விஷயத்தில் சட்டத்தை எடுத்துக்கொண்டு போகாதீர்கள், இப்போதைக்கு. மகப்பேறு லீவில் இருப்பவருக்குப் பாதகமாக வேலை நிபந்தனைகளை மாற்றக் கூடாதுதான். டீம் மாற்றம் அதில் அடங்குமா என்பதை வக்கீல்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். “லீட் பொறுப்புக்கு நான் எப்போது திரும்புகிறேன்?” என்று மேனேஜருக்கு நான்கு வரி எழுதி, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். மழுப்பினால், வேறு கம்பெனியில் தேடுங்கள். வேலையில் இருந்துகொண்டே தேடுவது சுலபம்.

அத்தை இருக்கும்போதே பாப்பாவை க்ரெச்சில் விட்டுப் பழக்குங்கள். முதல் வாரம் தினம் ஒரு மணி நேரம், அப்புறம் அரை நாள். கொண்டுபோய் விடுவது கணவர், கூட்டி வருவது நீங்கள். அப்ரைசல் முடியும்வரை பேப்பர் பேச்சே வேண்டாம்.