வாசகர் கேள்வி: மோட்டார் செயினில் கணக்குப் பாடம்

கேள்வி: மகன் படிவம் 2. கணக்கு என்றால் ஓடுகிறான். அப்பாவின் கப்சாய் மோட்டாரை விட்டு நகரமாட்டான். அதை வைத்தே சொல்லித்தரலாமா?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: தாராளமாக, அம்மா. செயினிலிருந்து தொடங்குங்கள். என்ஜினை அணைத்து, கியரை நியூட்ரலில் வைத்து, நடு ஸ்டாண்டில் நிறுத்தவும். என்ஜின் ஓடும்போது செயினைத் துடைக்கவே கூடாது; விரல் போய்விடும்.

முன், பின் பல்சக்கரங்களின் பற்களை அவனே எண்ணட்டும். முன்னால் 14, பின்னால் 35 என்றால் 35 ÷ 14 = 2.5. முன் பல்சக்கரம் இரண்டரை சுற்று சுற்றினால்தான் பின் பல்சக்கரம் ஒரு சுற்று வரும். எண்ணும் முன் ஒரு பல்லில் சாக்பீஸ் கோடு போடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஒன்று கூடும், குறையும். விகிதம் என்ற சொல்லைக் கணக்கு முடிந்த பிறகு சொன்னால் போதும்.

அடுத்து, டயரிலும் தரையிலும் கோடு போட்டு, ஸ்டாண்டை எடுத்து, ஒரு முழுச்சுற்று நேராகத் தள்ளி, தூரத்தை அளக்கட்டும். அதை டயரின் விட்டத்தால் வகுத்தால் 3.14க்குச் சற்றுக் குறைவாக வரும். தவறு அவனுடையதல்ல: வண்டியின் எடையில் டயர் அடியில் அமுங்குகிறது. அவனை உட்காரவைத்துத் தள்ளினால் இன்னும் குறையும். காரணத்தை அவனே கண்டுபிடிக்க விடுங்கள், அவசரப்படாதீர்கள்.

செயின் தொய்வையும் அளக்கலாம். பின்சக்கரத்தைச் சுழற்றி நாலு இடத்தில் பார்க்கவேண்டும். செயின் ஒரே சீராகத் தேயாது. மிக இறுக்கமான இடத்தின் அளவு வண்டிக் கையேட்டில் உள்ளபடி இருக்கட்டும். தோட்டச் செம்மண் ஒட்டியிருந்தால் முதலில் மண்ணெண்ணெயில் துடைத்துவிடுங்கள்.