சென்டராக ஆடும் மகனை கார்டாக மாற்றலாமா?

கேள்வி: என் மகனுக்கு 15 வயது. உயரம் 190 செ.மீ. பள்ளிக் கூடைப்பந்து அணியில் சென்டராக (வளையத்தடியில் ஆடும் உயரமான ஆட்டக்காரர்) ஆடுகிறான். “இப்போது எல்லாரும் தூரத்திலிருந்து மூன்று புள்ளி ஷாட்தான் போடுகிறார்கள், தொழில்முறை ஆட்டத்தில் சென்டருக்கு வேலையே இல்லை, இப்போதே கார்டாக (பந்தைக் கொண்டுசென்று வெளியிலிருந்து ஆடுபவர்) மாற்றிவிடுங்கள்” என்று உறவினர்கள் சொல்கிறார்கள். மாற்றலாமா? சென்டராகவே தொடர்ந்தால் எதையெல்லாம் கற்றுக்கொள்ள வேண்டும்?

பதில்: மாற்ற வேண்டாம். ஆனால் ‘சென்டர்’ என்றதும் உங்கள் உறவினர்கள் மனதில் வருகிற பழைய மாதிரி ஆட்டக்காரனாக அவனை வளர்க்கவும் வேண்டாம்.

வளையத்துக்கு முதுகைக் காட்டி நின்று, பந்து கைக்கு வந்ததும் எதிராளியை இடித்துப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டே போய் ஷாட் போடும் சென்டர்கள் குறைந்துவிட்டார்கள் என்பது உண்மைதான். விதி மாறியது அதற்கு ஒரு முக்கியக் காரணம். 2001-02 சீசனில் அமெரிக்கத் தொழில்முறை லீகான என்.பி.ஏ., ஸோன் டிஃபென்ஸை (ஆளைத் தொடராமல் இடத்தைக் காக்கும் தடுப்பாட்டம்) அனுமதித்தது. பந்து வருவதற்கு முன்பே இரண்டாவது ஆள் வந்து சென்டரை மறித்து நிற்க வழி பிறந்தது. பிறகு மூன்று புள்ளி ஷாட்டும் பெருகியது. 2015 இறுதிச் சுற்றில் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ், நான்காவது ஆட்டத்தில் சென்டர் ஆண்ட்ரூ போகட்டைத் தொடக்க ஐவரிலிருந்து எடுத்துவிட்டு, 6 அடி 6 அங்குல டிரேமண்ட் கிரீனை அந்த இடத்தில் ஆடவைத்துக் கோப்பையையும் வென்றது. சென்டரின் காலம் முடிந்தது என்று பலரும் எழுதினார்கள்.

ஆனால் கிரீன் அங்கே செய்தது சென்டரின் வேலையையேதான். வளையத்தைக் காத்தார், ஸ்கிரீன் வைத்தார் (தடுப்பவரின் வழியில் நின்று மறித்தார்), பின்னால் நின்று குரல் கொடுத்தார், நடுவில் பந்தை வாங்கிப் பிரித்துக் கொடுத்தார். உயரம் குறைந்தது, வேலை குறையவில்லை. அதன்பின் நடந்ததைப் பாருங்கள். 2000-ல் ஷகீல் ஓ'நீல் வாங்கியபின் இருபது ஆண்டுகள் எந்த சென்டருக்கும் எம்.வி.பி. (சீசனின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்) விருது கிடைக்கவில்லை. 2021, 2022, 2024 ஆண்டுகளில் நிகோலா யோகிச், இடையே 2023-ல் ஜோயல் எம்பீட் என்று தொடர்ந்து நான்கு முறை சென்டர்களே வாங்கினார்கள்.

சென்டர் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு எளிய கணக்கு இருக்கிறது. என்.பி.ஏ.வில் மூன்று புள்ளி ஷாட்டுகள் சராசரியாக நூற்றுக்கு 36 அளவில் விழுகின்றன. நூறு ஷாட்டுக்கு 108 புள்ளி. வளையத்தை ஒட்டிப் போடும் ஷாட்டுகள் அறுபதுக்கு மேல் விழுகின்றன. நூறு ஷாட்டுக்கு 120 புள்ளிக்கு மேல், ஃபவுலால் கிடைக்கும் ஃப்ரீ த்ரோ (யாரும் தடுக்காமல் போடும் ஷாட்) தனி. ஆக, ஆடுகளத்தில் மிக லாபமான இடம் இன்றும் வளையத்தின் அடிதான். அங்கே எதிரணியை நெருங்கவிடாமல் தடுப்பவரும், தன் அணிக்கு அந்த இடத்தைத் திறந்துவிடுபவரும் ஒரே ஆள்.

தடுப்பாட்டத்தைத்தான் நான் முதலில் வைப்பேன். சென்டர் பில் ரஸல் 13 சீசன்களில் பாஸ்டன் செல்டிக்ஸுக்காக 11 பட்டங்கள் வென்றது ஷாட் போட்டு அல்ல. இன்றைய ஆட்டத்தில் சென்டரின் சோதனை பிக் அண்ட் ரோல். பந்தோடு வரும் எதிரணிக் கார்டுக்கு அவர் அணியின் பெரிய ஆட்டக்காரர் ஸ்கிரீன் வைக்கிறார். நம் கார்டு அதில் சிக்கி ஒரு அடி பின்தங்குகிறார். இப்போது நம் சென்டரை நோக்கி இருவர் வருகிறார்கள்: ஒருவர் கையில் பந்து, இன்னொருவர் வளையத்தை நோக்கி ஓடுகிறார். முன்னே பாய்ந்தால் பாஸ் தலைக்கு மேல் போகும். பின்வாங்கிக்கொண்டே போனால் எதிராளி நிதானமாக ஷாட் போடுவார். இருவருக்கும் நடுவில், எவரையும் முழுதாக விட்டுவிடாமல், நம் கார்டு திரும்பி வந்து சேரும்வரை ஓரிரு நொடி தாக்குப்பிடிக்க வேண்டும். சென்டர் ரூடி கோபேர் நான்கு முறை சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது வாங்கியதற்கு அடிப்படை இந்த ஓரிரு நொடிதான். பிளாக் (ஷாட்டைக் கையால் தட்டித் தடுப்பது) எண்ணிக்கை இதில் பாதியைக்கூடச் சொல்லாது. நெட்டையான சென்டர் விக்டர் வெம்பன்யாமா நிற்பதைக் கண்டு உள்ளே நுழைந்தவர் அப்படியே வெளியே திரும்பிவிடுகிறாரே, அந்த ஷாட் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

இதற்கு உங்கள் மகனுக்கு வேண்டியவை கால் வேகமும் வாயும். கார்டின் முதுகுக்குப் பின்னால் ஸ்கிரீன் வருவது கார்டுக்குத் தெரியாது, சென்டருக்குத் தெரியும். “இடது, இடது!” என்று கத்திச் சொல்ல வேண்டும். கூச்ச சுபாவமுள்ள உயரமான பையன்கள் இங்கேதான் பின்தங்குகிறார்கள், இதைப் பயிற்சியில் தினமும் பழக்கலாம். கைகளை நேராக மேலே தூக்கி, தன் இடத்திலேயே செங்குத்தாக எம்பவும் பழக வேண்டும். அப்படி எம்புகிறவர்மேல் எதிராளி வந்து மோதினால் தடுப்பவர்மேல் ஃபவுல் வராது. கையைக் கீழே வீசுபவருக்குத்தான் வரும்.

என்.பி.ஏ. வீடியோ பார்த்துப் பழகுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அங்கே எவரையும் கைக்கெட்டும் தூரத்தில் காக்காமல் தடுப்பாட்டக்காரர் வளையத்தை ஒட்டிய பெயின்ட் பகுதிக்குள் மூன்று நொடிக்கு மேல் நிற்கக்கூடாது. சர்வதேசக் கூட்டமைப்பான ஃபிபாவின் விதியில் அந்தத் தடை கிடையாது, வளையத்தடியிலேயே நின்று காக்கலாம். ஃபிபாவில் ஷாட் வளையத்தைத் தொட்டுவிட்டால், பந்து வளையத்துக்கு மேலே இருக்கும்போதே தட்டிவிடவும் செய்யலாம். பல பள்ளிச் சென்டர்கள் இந்த வாய்ப்பைப் பயன்படுத்துவதே இல்லை.

தாக்குதலில், ஷாட்டுக்கு முன் பாஸ். ஸ்கிரீன் வைத்துவிட்டு ஃப்ரீ த்ரோ கோட்டருகே பந்தை வாங்கும்போது, பெரும்பாலும் எதிரணியின் இருவர் கார்டைத் துரத்திப் போயிருப்பார்கள். முன்னால் நம்மவர் நால்வர், அவர்கள் மூவர். ஒரே டிரிபிளில் (பந்தைத் தரையில் ஒருமுறை தட்டி) சரியான ஆளைக் கண்டுபிடித்துக் கொடுத்தால் எளிய கூடை. 2014 டிராஃப்டில் (அணிகள் புது ஆட்டக்காரர்களைத் தேர்வுசெய்யும் நிகழ்வு) 41-வது ஆளாகத் தேர்வான யோகிச், வேகமும் இல்லை, பெரிதாக எம்பவும் மாட்டார்; 2024-25 சீசனில் சராசரியே டிரிபிள்-டபுளாக (புள்ளி, விழாத பந்தைப் பிடிக்கும் ரீபவுண்ட், கூடைக்கு வழிசெய்யும் பாஸ் மூன்றிலும் பத்துக்குக் குறையாமல்) முடித்த முதல் சென்டர் அவர். தூர ஷாட் பின்னாலும் வரும். புரூக் லோபஸ் முதல் எட்டு சீசன்களில் மொத்தமாக மூன்று புள்ளி ஷாட் 3 தான் விழவைத்திருந்தார், ஒன்பதாவது சீசனில் மட்டும் 134. ஃப்ரீ த்ரோவை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். அது விழாத சென்டரைக் கடைசி நிமிடங்களில் பெஞ்சில் உட்கார வைத்துவிடுவார்கள்.

உயரத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 190 செ.மீ. பள்ளியில் சென்டர் உயரம், என்.பி.ஏ.வில் அது கார்டின் உயரம். அவன் இன்னும் எவ்வளவு வளர்வான் என்பதை இன்றே உறுதியாகச் சொல்ல முடியாது. ஆண்டனி டேவிஸ் பள்ளியில் கார்டாக ஆடி, திடீரென்று வளர்ந்து சென்டரானவர்; கார்டாகப் பழகிய பந்துக் கட்டுப்பாடு அவரிடம் தங்கிவிட்டது. ஆகவே போட்டியில் சென்டராக ஆடட்டும், பயிற்சியில் ரீபவுண்ட் எடுத்ததும் உடனே கார்டிடம் கொடுக்காமல் தானே டிரிபிள் செய்து மறுபாதிவரை கொண்டுபோகட்டும். இதைப் பயிற்சியாளரிடம் வெளிப்படையாகக் கேளுங்கள். இடது கையால் முடிக்கவும், பிவட் காலை (ஊன்றி நிற்கும் கால்) நகர்த்தாமல் இருபுறமும் திரும்பவும் தனியாக நேரம் ஒதுக்குங்கள். வளரும் வயது என்பதால் எம்பும் பயிற்சியை அளவோடு வையுங்கள். முழங்காலில் வலி என்றால் ஓய்வு கொடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள்.

இந்த வாரம் ஒரு ஆட்டத்தைச் சேர்ந்து பாருங்கள். ஒரு குவார்ட்டர் (ஆட்டத்தின் கால் பகுதி) முழுக்கப் பந்தைப் பார்க்காமல் சென்டரை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். எங்கே நிற்கிறார், எப்போது பின்வாங்குகிறார், யாரிடம் என்ன கை காட்டுகிறார் என்று அவனே உங்களுக்கு விளக்கட்டும்.