எழுந்திருக்கவே முடியவில்லை, ஜிம்முக்கு எப்படிப் போவது?

கேள்வி: எனக்கு வயது 33. திருச்சியில் தனியார் வங்கியில் வேலை. டிப்ரஷன் என்று சொல்லி மூன்று மாதமாக செர்ட்ரலின் மாத்திரை கொடுக்கிறார் டாக்டர். ஓரளவு பரவாயில்லை. ஆனால் காலையில் கட்டிலை விட்டு எழவே மனம் வருவதில்லை. 'மாத்திரையைத் தூக்கிப் போடு, ஜிம்முக்குப் போ, எல்லாம் சரியாகிடும்' என்கிறார்கள் நண்பர்கள். ஒரு வருடத்துக்குப் பணம் கட்டிவிட்டு நான்கே நாள்தான் போனேன். கல்லூரியில் வாலிபால் ஆடியவன் நான். உடற்பயிற்சி நிஜமாகவே மனதுக்கு உதவுமா? மாத்திரையை நிறுத்தலாமா?

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். நிறுத்தாதீர்கள். செர்ட்ரலினைத் திடீரென்று விட்டால் தலைசுற்றல், எரிச்சல், தூக்கக் கோளாறு வரலாம், நோயும் திரும்பலாம். எப்போது, எப்படிக் குறைப்பது என்பதை உங்கள் டாக்டரோடு பேசித்தான் முடிவு செய்ய வேண்டும்.

நண்பர்கள் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 1999இல் வெளியானது. டிப்ரஷன் இருந்த, 50 வயது தாண்டிய 156 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு நீங்கள் சாப்பிடும் அதே செர்ட்ரலின். இன்னொன்றுக்கு வாரம் மூன்று நாள் வேக நடை அல்லது மெல்லோட்டம். மூன்றாவது பிரிவுக்கு இரண்டும். 16 வாரம் கழித்துப் பார்த்தால் மூன்று பிரிவும் ஏறக்குறைய ஒரே அளவு தேறியிருந்தன. மாத்திரை மட்டும் எடுத்தவர்களுக்குக் குணம் சீக்கிரம் தெரிந்தது. ஆனால் ஒன்று: அங்கே நடந்தவர்கள் குழுவாக, மேற்பார்வையாளர் பக்கத்தில் இருக்க நடந்தார்கள். அறைக்குள் தனியாகப் படுத்திருப்பவரிடம் 'போய் ஓடு' என்பது வேறு கதை.

எண்டார்ஃபின் சுரக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். ரத்தத்தில் இருக்கும் எண்டார்ஃபின் மூளைக்குள் எளிதில் நுழைவதில்லை. ஓடி முடித்ததும் வரும் லேசான மிதப்புக்கு, கஞ்சாவில் இருப்பதைப் போன்ற, உடம்பே தயாரிக்கும் ரசாயனங்கள்தான் முக்கியக் காரணம் என்று எலிகளில் செய்த சோதனைகள் காட்டுகின்றன. (உள்ளேயே இருக்கிறது, வெளியில் தேட வேண்டாம்.) அந்த மிதப்பு சீக்கிரம் கலைந்துவிடும். நான் பெரிதாக நினைப்பது தூக்கம் சீராவதையும், 'இன்று ஒரு காரியம் செய்தேன்' என்ற நினைப்பையும்தான்.

இனி உங்கள் உண்மையான பிரச்சினைக்கு வருவோம். மனம் வரட்டும், அப்புறம் போகலாம் என்று காத்திருக்கிறீர்கள். மனம் வராததுதானே நோயே? முதலில் கால் போக வேண்டும், மனம் பின்னால் வரும்.

என்னிடம் வந்த ஒருவருக்கும் உங்கள் வயதுதான். மருந்துச் சீட்டில் மாத்திரைக்குக் கீழே இப்படி எழுதினேன்: 'வீட்டுக்குப் பால் போடுவதை நிறுத்தவும். பூத்துக்குப் போய் வாங்கவும்.' பூத் அவர் வீட்டிலிருந்து முந்நூறு அடி இருக்கும். முதல் வாரம் பெரும்பாலும் அம்மாதான் போனார். இரண்டாம் வாரம் இவர் ஐந்து நாள் போனார். 'நான் போகலேன்னா வீட்ல காபி இல்ல டாக்டர்' என்றார். இரண்டு மாதம் கழித்து, பால் வாங்கி வீடு வந்து சேர்வதற்குள் பாக்கெட்டின் குளிர்ச்சியே போய்விடுகிறது என்று அலுத்துக்கொண்டார். எவ்வளவு தூரம் சுற்றிவிட்டு வருகிறார் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

உங்களுக்கும் அப்படி ஒரு வேலை வேண்டும். ஆனால் காலையில் வேண்டாம். டிப்ரஷன் உள்ள பலருக்குக் காலைதான் நாளின் மோசமான நேரம். சாயங்காலம் கொஞ்சம் தெளியும். ஐந்து மணிக்கு எழுந்து நடப்பவன்தான் மனுஷன் என்ற நம் ஊர் எண்ணத்தை இப்போதைக்கு ஓரம் கட்டுங்கள். ஷூவை ஆபீஸிலேயே வையுங்கள். வீட்டுக்குள் போய்க் கைலி மாற்றிவிட்டால் அன்றைய கதை முடிந்தது. அதனால் வழியிலேயே பத்து நிமிடம் நடந்துவிடுங்கள். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அதுதான் வேகம். உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 நிமிடமாவது சொல்கிறது. அங்கே போக மாதங்கள் ஆகட்டும். நார்வேயில் 33,000க்கும் மேற்பட்டவர்களை 11 ஆண்டுகள் கவனித்த ஆய்வில், வாரம் ஒரு மணி நேரப் பயிற்சி உள்ளவர்களுக்கே டிப்ரஷன் வருவது குறைவாக இருந்தது. ஒரு நாள் விட்டுப்போனால் ஈடுகட்ட அடுத்த நாள் இரட்டிப்பாக நடக்காதீர்கள்.

வாலிபாலை விடாதீர்கள் என்பேன். ஜிம்மில் நீங்கள் போகாததை யாரும் கேட்கவில்லை. மைதானத்தில் ஆறாவது ஆள் இல்லையென்றால் போன் வரும். சும்மா போய்க் கோட்டுக்கு வெளியே நின்று பந்து பொறுக்கிப் போடுங்கள், அதுவே முதல் வாரத்துக்குப் போதும். இருபது வயதில் எகிறி அடித்த ஸ்மாஷை முட்டி மறந்திருக்கும், அவசரம் வேண்டாம். ஆடும்போது நெஞ்சு வலியோ மயக்கமோ வந்தால் நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் நடையும் ஆட்டமும் அப்புறம். உடனே வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள், 14416 என்ற டெலி மனஸ் எண்ணை, அதாவது அரசின் மனநல உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது.

தினசரி காலண்டரில் கிழிக்கும் தாளின் பின்பக்கம் அன்று நடந்த நிமிடத்தை எழுதி வையுங்கள். பூஜ்யம் என்றால் பூஜ்யம். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது அந்தத் தாள்களைக் கையோடு கொண்டு போங்கள், மாத்திரையைக் குறைப்பது பற்றி அவரிடமே கேளுங்கள்.