கான்ஃபரன்ஸ் கூடைப்பந்துத் தொடர்: கல்லூரி அரங்கிலா, பொது அரங்கிலா?

கேள்வி: அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் மார்ச் மாதம் நடக்கும் கான்ஃபரன்ஸ் (கல்லூரிகளின் லீக்) தொடர்களைச் சில லீக்குகள் கல்லூரி அரங்குகளிலேயே நடத்துகின்றன. சில லீக்குகள் லாஸ் வேகஸ், செயின்ட் லூயிஸ் என்று வெளியூரில் அரங்கம் பிடிக்கின்றன. எது சரி?

பதில்: அந்த லீக்கிலிருந்து தேசியத் தொடருக்கு வழக்கமாக எத்தனை அணிகள் போகும் என்பதைப் பார்த்துவிட்டுத்தான் இதற்குப் பதில் சொல்ல முடியும். ஒன்றே ஒன்றுதான் என்றால், ஒவ்வொரு சுற்றையும் மேல் நிலை அணியின், அதாவது லீக் ஆட்டங்களில் முன்னே முடித்த அணியின், சொந்த அரங்கில் வைக்க வேண்டும். மூன்று, நான்கு போகும் என்றால் பொது அரங்கம், அதாவது எந்த அணிக்கும் சொந்தமில்லாத இடம். ஒரு கல்லூரியை முன்கூட்டியே குறித்துவைத்து, தொடர் முழுவதையும் அங்கே நடத்துவது மூன்றாவது வகை. என் கணக்கில் இருப்பதிலேயே மோசமானது அதுதான்.

காரணத்தைப் பார்க்கலாம். ஆண்கள் தேசியத் தொடரில் 68 அணிகள். லீக் தொடரை வெல்லும் அணிக்கு நேரடி இடம், மீதி இடங்களைத் தேர்வுக்குழு நிரப்பும். சிறிய லீக்கில் தேர்வுக்குழு இடம் எவருக்கும் கிடைக்காது. இரண்டரை மாதம் லீக்கில் முதலிடம் வகித்த அணி, மார்ச்சில் ஒரு ராத்திரி சறுக்கினால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அதைவிட பலவீனமான அணி லீக்கின் பெயரில் போய் தேசியத் தொடரின் கடைசி வரிசையான 16ஆம் நிலையில் அமர்ந்து முதல் ஆட்டத்திலேயே வெளியேறினால், நஷ்டம் லீக்குக்கும் சேர்த்துத்தான். தேசியத் தொடரில் இறுதி ஆட்டம் தவிர ஆடும் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் 'யூனிட்' என்று ஒரு பங்கு உண்டு. ஆறு ஆண்டுகளில் பிரித்துத் தரப்படும் அந்தப் பங்கின் மதிப்பு ஏறக்குறைய 20 லட்சம் டாலர். அதைப் பெறுவது லீக். ஆகவே வலுவான அணியை அனுப்புவது நியாயம் மட்டுமல்ல, லாபமும்கூட. சொந்த அரங்கில் ஆடுவது ஏறத்தாழ 3 புள்ளிக்குச் சமம் என்பது பொதுவான கணக்கு. நாக்-அவுட் ஆட்டத்தில் அது சின்ன விஷயமில்லை.

ஹொரைசன் லீக்கைப் பாருங்கள். 2015 வரை மேல் நிலை அணிகளின் ஊரில்தான் கடைசிச் சுற்றுகள் நடந்தன. 2016இல் தொடர் டெட்ராய்ட்டுக்குப் போனது. அந்த முதல் ஆண்டிலேயே, முதல் நிலையில் இருந்த வால்பரைசோ அரையிறுதியில் கிரீன் பேயிடம் கூடுதல் நேரத்தில் தோற்றது. 2020 முதல் அந்த லீக் ஆரம்பச் சுற்றுகளைக் கல்லூரிகளிலும், கடைசி இரண்டு சுற்றுகளை இண்டியானாபொலிஸிலும் வைக்கிறது. இது ஒரு சமரசம். ஆனால் முதல் நிலை அணிக்குப் பாதுகாப்பு அதிகம் தேவைப்படும் ஆட்டங்களே பொது அரங்குக்குப் போய்விட்டன.

சொந்த அரங்கம் இருந்தால் ஜெயித்துவிடலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம். அமெரிக்கா ஈஸ்ட் லீக்கில் எல்லாச் சுற்றும் மேல் நிலை அணியின் அரங்கில்தான். 2018 இறுதி ஆட்டம் வெர்மான்ட்டின் பேட்ரிக் ஜிம்மில் நடந்தது. யுஎம்பிசி (மேரிலாந்து பல்கலையின் பால்டிமோர் கவுண்டி கிளை) கடைசி நொடியில் ஒரு மூன்று புள்ளி போட்டு 65-62 என வென்றது. அடுத்த வாரம் அதே யுஎம்பிசி முதல் நிலை வர்ஜீனியாவை 74-54 என வீழ்த்தியது. ஆண்கள் தொடரில் 16ஆம் நிலை அணி முதல் நிலை அணியை வென்றது அதுவே முதல் முறை. எனவே சொந்த அரங்கம் வாய்ப்பைச் சற்றுச் சாய்க்கும், அவ்வளவுதான். சாய்வு லீக் ஆட்டங்களில் உழைத்த அணியின் பக்கம் இருக்கட்டும் என்பதே வாதம்.

இதனால்தான் முன்கூட்டியே குறித்த கல்லூரி அரங்கம் ஆகாது என்கிறேன். அங்கே சாய்வு உழைப்பைப் பார்ப்பதில்லை, முகவரியைப் பார்க்கிறது. ஐவி லீக் 2017இல்தான் முதன்முதலாகத் தொடர் வைத்தது. நான்கே அணிகள். இடம் பிலடெல்பியாவின் பலெஸ்ட்ரா, அதாவது பென்சில்வேனியா பல்கலையின் (சுருக்கமாக 'பென்') சொந்த அரங்கம். லீக்கில் 14க்கு 14 வென்ற பிரின்ஸ்டன், 6 வெற்றி 8 தோல்வியோடு நான்காவதாக வந்த பென்னை அரையிறுதியில் பென்னின் தரையிலேயே சந்தித்தது. கடைசி நேரத்தில் சமன் செய்து, கூடுதல் நேரத்தில் 72-64 என்று பிரின்ஸ்டன் தப்பியது. பிறகு ஐவி அரங்கத்தைச் சுழற்சியில் விட்டது: யேல், ஹார்வர்டு, பிரின்ஸ்டன், கொலம்பியா, பிரவுன். சுழற்சி அநியாயத்தை எல்லாருக்கும் பங்கு போடுகிறது, நீக்குவதில்லை. ஹார்வர்டின் லாவியட்டிஸ் அரங்கில் 1,636 இருக்கைதான். நான்கு கல்லூரி ரசிகர்களை அதில் எப்படி அடக்குவது?

வெஸ்ட் கோஸ்ட் லீக்கின் 2008 கதை இன்னும் சுவாரசியம். தொடர் சான் டியேகோ பல்கலையின் அரங்கில். அந்த அணி அரையிறுதியில் செயின்ட் மேரிஸையும் இறுதியில் கொன்சாகாவையும் வென்றது. தோற்ற இரண்டு அணிகளுக்கும் தேர்வுக்குழு இடம் கிடைத்ததால் லீக்கிலிருந்து மூன்று அணிகள் போயின. சான் டியேகோ தேசியத் தொடரில் யூகானையும் (கனெக்டிகட் பல்கலை) வீழ்த்தியது. லீக்குக்கு அந்த ஆண்டு அடித்தது அதிர்ஷ்டம்தான். ஆனால் அதை நம்பித் திட்டம் போட முடியாது. 2009இல் தொடர் லாஸ் வேகஸின் ஆர்லியன்ஸ் அரங்குக்கு மாறியது.

பல அணிகள் போகும் லீக்குக்குப் பொது அரங்கம் பொருந்துவதற்கு ரசிகர்கள் பேசாத ஒரு காரணம் உண்டு: தேர்வுக்குழு பார்க்கும் 'நெட்' என்ற அணிகளின் தரவரிசை. ஒரு வெற்றி முதல் தரமா என்பது எதிரணியின் இடத்தோடு ஆட்டம் நடந்த இடத்தையும் பொறுத்தது. சொந்த அரங்கில் முதல் 30 இடங்களுக்குள் உள்ள அணியை வென்றால்தான் முதல் தரம். பொது அரங்கில் முதல் 50, எதிரணி அரங்கில் முதல் 75. அதாவது 40ஆம் இடத்து அணியைச் சொந்த ஊரில் வென்றால் இரண்டாம் தரம், பொது அரங்கில் வென்றால் முதல் தரம். தேர்வு விளிம்பில் நிற்கும் அணிக்கு இது பெரிய வித்தியாசம். சின்ன லீக்கில் விளிம்பில் யாருமே இல்லை, அதனால் இந்த லாபமும் இல்லை.

'பொது' என்ற பெயரையும் அப்படியே நம்பக் கூடாது. மவுண்டன் வெஸ்ட் தொடர் நடக்கும் தாமஸ் அண்ட் மேக், அந்த லீக்கின் யூஎன்எல்வியின் (லாஸ் வேகஸில் உள்ள நெவாடா பல்கலை) சொந்த அரங்கம் (அப்படியிருந்தும் அவர்கள் கடைசியாக வென்றது 2008இல்!). பிக் ஈஸ்ட் 1983 முதல் மேடிசன் ஸ்கொயர் கார்டனில். செயின்ட் ஜான்ஸ் தன் சொந்த ஆட்டங்கள் பலவற்றையும் அங்கேதான் ஆடுகிறது. சம்மிட் லீக்கின் சூ ஃபால்ஸ் நகரம் சவுத் டகோட்டா ஸ்டேட்டிலிருந்து காரில் ஒரு மணி நேரம். தேசியத் தொடரில் விதி தெளிவு: ஓர் அணி அந்தப் பருவத்தில், கான்ஃபரன்ஸ் தொடரைச் சேர்க்காமல், மூன்றுக்கு மேல் ஆட்டம் ஆடிய அரங்கில் அதற்கு இடம் ஒதுக்கக் கூடாது. கான்ஃபரன்ஸ் தொடர்களுக்கும் இதையே அளவுகோலாக வைத்துப் பார்த்தால், எது உண்மையான பொது அரங்கம் என்று தெரிந்துவிடும். மிசௌரி வேலி 1991 முதல் நடத்தும் செயின்ட் லூயிஸ் அதில் தேறும்.

இனி நடைமுறை. கல்லூரி அரங்க முறையில் பெரிய தலைவலி நேரம். லீக்கின் கடைசி ஆட்டம் சனிக்கிழமை முடிகிறது. யார் எங்கே போக வேண்டும் என்பது அன்று இரவுதான் தெரியும். செவ்வாயே முதல் சுற்று என்றால் பேருந்து, விடுதி, ஒளிபரப்பு வண்டி எல்லாம் இரண்டு நாளில். சுற்றுகளுக்கு இடையே நாள் விட வேண்டும். அமெரிக்கா ஈஸ்ட் சனி, செவ்வாய், சனி என்று வைப்பது இதற்குத்தான். அதில் இன்னொரு நன்மை: வீரர்கள் களைத்துப் போவதில்லை. ஒரே ஊரில் தினமும் ஆட்டம் என்றால் கீழ் நிலை அணி தொடர்ந்து நாலைந்து நாள் ஆட வேண்டும். 2011இல் யூகான், 2024இல் நார்த் கரோலினா ஸ்டேட் ஆகியவை ஐந்து நாளில் ஐந்து ஆட்டம் வென்றன. எல்லாருக்கும் அது வாய்க்காது.

மேல் நிலைக்கு வரக்கூடிய எல்லாக் கல்லூரியும் அந்தத் தேதிகளில் அரங்கத்தைக் காலியாக வைத்திருக்க வேண்டும். மாநில உயர்நிலைப் பள்ளிப் போட்டிகளும் இசை நிகழ்ச்சிகளும் மார்ச்சில் அதே அரங்கைத்தான் கேட்கும். ஒரே கல்லூரியின் ஆண்கள், பெண்கள் அணிகள் இரண்டுமே ஒரே நாளில் சொந்த அரங்கில் ஆட நேரலாம். ஓர் ஆட்டம் இரண்டு மணி நேரம், கூட்டத்தை வெளியேற்றிச் சுத்தம் செய்து அடுத்ததைத் தொடங்க ஐந்து மணி நேர இடைவெளி வைப்பது நல்லது. இதையெல்லாம்விட எல்லாரும் மறப்பது வசந்த விடுமுறை. பல கல்லூரிகளுக்கு அது மார்ச் முதல் இரண்டு வாரத்தில் வரும். சத்தம் போட வேண்டிய மாணவர் பகுதி காலியாக இருக்கும், 3 புள்ளி சாதகமும் அவர்களோடு கடற்கரைக்குப் போய்விடும்.

பொது அரங்கில் சிக்கல்கள் வேறு மாதிரி. ஐஸ் ஹாக்கி அரங்கம் என்றால் பனிக்கட்டியின் மேல் காப்பு விரித்து, அதன்மேல் 4-க்கு 8 அடிப் பலகைகள் 200க்கு மேல் பொருத்துவார்கள். வெளிக்கதவுகள் திறந்து ஈரக்காற்று நுழைந்தால் தரையில் நீர்த்துளி படியும், வீரர்கள் வழுக்குவார்கள். அன்று காலையே தரையைக் கையால் தொட்டுப் பார்க்க ஆள் வேண்டும். ஒரு நாளில் நான்கு ஆட்டம் என்றால் எட்டு அணிகள், குறைந்தது நான்கு உடைமாற்று அறைகள். அப்புறம் 10,000 இருக்கை அரங்கில் 1,500 பேர் உட்கார்ந்தால் தொலைக்காட்சியில் பார்க்கவே பரிதாபமாக இருக்கும். மேல் தளத்தைத் திரைபோட்டு மூடி, கேமராவுக்கு எதிரே உள்ள பகுதியில் முதலில் டிக்கெட் விற்க வேண்டும்.

பொது அரங்கம்தான் என்று ஒரு சின்ன லீக் முடிவு செய்துவிட்டால், ஏணி முறையாவது வைக்கட்டும். ஒஹாயோ வேலி 2011இல் முதல் இரண்டு அணிகளை நேரே அரையிறுதிக்கு அனுப்பும் முறையைக் கொண்டுவந்தது. இரண்டு ஆட்டம் வென்றால் போதும் என்பது, அரங்கத்தில் இழந்த சாதகத்தை ஓரளவு ஈடுகட்டும்.

ஒப்பந்தத்தில் மாற்று அரங்கத்தின் பெயரும் எழுதியிருக்க வேண்டும். 2008 மார்ச் 14 அன்று எஸ்இசி (தென்கிழக்கு கான்ஃபரன்ஸ்) தொடர் நடந்துகொண்டிருந்தபோது அட்லாண்டாவின் ஜார்ஜியா டோமைச் சூறாவளி சேதப்படுத்தியது. வேறு லீக்கைச் சேர்ந்த ஜார்ஜியா டெக்கின் சிறிய அரங்குக்கு மீதித் தொடர் மாறியது. டிக்கெட் வாங்கிய பெரும்பாலானோர் உள்ளே போக முடியவில்லை. தள்ளிப்போன காலிறுதியையும் அரையிறுதியையும் சனிக்கிழமை ஒரே நாளில் ஆடி வென்ற ஜார்ஜியா, மறுநாள் கோப்பையையும் எடுத்தது. லீக் ஆட்டங்களில் அவர்களுக்கு இருந்தது 4 வெற்றி, 12 தோல்வி.