ஹிக்ஸுக்கு உள்ளே ஏதாவது இருக்கிறதா? லாட்டிஸ் கணக்கு பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: சார், ஹிக்ஸ் போசான் துகளை 2012-லேயே செர்ன் ஆய்வகத்தில் பிடித்துவிட்டார்களே. இன்னும் என்ன கணக்கு பாக்கி?

பிடித்தாயிற்று. நிறை 125 ஜிகா எலக்ட்ரான் வோல்ட் (துகள் நிறைக்கான அலகு) என்றும் தெரிந்துவிட்டது. ஆனால் அது தனித்துகளா, வேறு துகள்கள் சேர்ந்த கூட்டா என்பது இன்னும் தெரியாது. கூட்டாக இருக்கலாம் என்று 1984-ல் டேவிட் கப்லானும் ஹோவர்ட் ஜார்ஜையும் எழுதினார்கள்.

கேள்வி: கூட்டு என்றால் கனமாகத்தானே இருக்கணும்?

பையான் என்ற கூட்டுத்துகளைப் பாருங்கள். புரோட்டானும் அதுவும் ஒரே வகைக் குவார்க்குகளால், அதாவது உள்ளே இருக்கும் அடிப்படைத் துகள்களால் ஆனவை. புரோட்டான் 938 மெகா எலக்ட்ரான் வோல்ட், பையான் சுமார் 140-தான். ஒரு சமச்சீர் தானாக முறியும்போது பிறக்கும் துகளுக்குக் கிடைக்கும் சலுகை அது. ஹிக்ஸ் ஒரு புது விசையின் பையான் என்பதுதான் யோசனையே.

கேள்வி: பேப்பரில் போட்டால் வராதா? சூப்பர் கம்ப்யூட்டர் எதற்கு?

விசை பலமாக இருந்தால் வழக்கமான தோராயம் கைகொடுக்காது. அடுத்தடுத்த திருத்தம் சிறிதாவதே இல்லை. அதற்கு 1974-ல் கென்னத் வில்சன் காட்டிய வழி, புள்ளிக்கோலம் மாதிரி. இடத்தையும் காலத்தையும் புள்ளிகளாக்கி, துகளைப் புள்ளியிலும் விசையைப் புள்ளிகளை இணைக்கும் கோட்டிலும் வைப்பார்கள். என்ன, கோலம் நாலு பரிமாணத்தில். இந்தப் புள்ளிக் கட்டத்துக்குத்தான் லாட்டிஸ் என்று பேர்.

ஒரு சின்னக் கணக்கு. மூன்று திசையிலும் 32, காலத்தில் 64 என்றால் 20,97,152 புள்ளிகள். புள்ளிக்கு நாலு கோடு. எஸ்யு(4) என்ற சமச்சீர் கொண்ட விசை என்றால் ஒவ்வொரு கோட்டிலும் 4-க்கு 4 அணி, அதாவது 16 கலப்பெண்கள், ஒன்றுக்கு 16 பைட். புள்ளிக்குச் சரியாக 1 கேபி, மொத்தம் 2 ஜிபி. அட, போனிலேயே அடங்கிவிடும்! ஆனால் இதில் ஃபெர்மியான்களை, அதாவது குவார்க் மாதிரியான பருப்பொருள் துகள்களைச் சேர்த்தால் கோடிக்கணக்கான வரிசை கொண்ட அணிச் சமன்பாட்டைத் திரும்பத் திரும்பத் தீர்க்கணும். ஃபெர்மியான் லேசாக ஆக ஆக அது இழுத்துக்கொண்டே போகும். மெஷின் நேரமெல்லாம் அதற்குத்தான்.

கேள்வி: அப்புறம் நிறை எப்படி வருகிறது?

ஒரு நேரப் புள்ளியில் துகளை உருவாக்கி, அதன் தடம் தள்ளிப் போகப் போக எவ்வளவு வேகமாகத் தேய்கிறது என்று பார்ப்பார்கள். லாக் கிராஃபில் அந்தச் சரிவுதான் நிறை. நேரடியாக ஜிகா எலக்ட்ரான் வோல்ட் வராது, ஒரு நிறைக்கு இன்னொரு நிறை எத்தனை மடங்கு என்ற விகிதம்தான் வரும்.

கேள்வி: சரி, ஹிக்ஸ் கூட்டுத்துகள்தானா? லாட்டிஸ் என்ன சொல்கிறது?

அதை லாட்டிஸ் சொல்லாது. ஒரு கோட்பாட்டை எடுத்துக்கொண்டால் என்ன விளையும் என்று மட்டும் சொல்லும். எனக்கு அதுவே பெரிய விஷயம். எஸ்யு(4) மாடல் ஒன்றில், குவார்க்குகளிலேயே கனமான டாப் குவார்க், கனமான ஒரு கூட்டுத்துகளோடு கலந்து நிறை பெறணும். அதற்கு மிக நெருங்கிய ஒரு மாடலில் அமெரிக்க, இஸ்ரேல் குழு கணக்குப் போட்டு 2019-ல் வெளியிட்டது. கலப்பு ரொம்பச் சின்னதாக வந்தது. டாப்பின் 173 ஜிகா எலக்ட்ரான் வோல்ட்டை அந்த வழியில் எட்டுவது கஷ்டம். அடிபட்டது அந்த ஒரு மாடல்தான்; எஸ்பி(4) என்ற வேறு சமச்சீர் கொண்ட மாடலை பிரிட்டனின் ஸ்வான்சீ, தென் கொரியாவின் பூசான் பல்கலைக்கழக ஆட்கள் தனியாகப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள்.